யார் கேட்டால் நியாயம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். வார இதழ் ஒன்றில் அப்போது வந்துகொண்டிருந்த என் தொடர்கதையை ஓர் அத்தியாயம் விடாமல் படித்து வருகிறவர் என்பது கடிதத்திலிருந்தே தெரிந்தது. அந்தக் கதையில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் வருகிறாள். பிடித்தம் என்ற பெயரில் கூலியில் கை வைக்கும் முதலாளியை எதிர்த்து மற்றப் பெண்களைத் திரட்டுகிறாள். கட்டிய கணவனை விட்டு வந்து வேறொருவனோடு வாழ்கிறவள் அவள். வாசகியின் மனத்தை உறுத்தியது இதுதான்.

"அவள் கேட்பது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நியாயத்தைக் கேட்பதற்கு ஒரு நல்ல பெண் உங்களுக்குக் கிடைக்கவில்லையா? இப்படிப்பட்டவளுக்காக நாங்கள் எப்படிக் கண்ணீர் விடுவது?" என்று கேட்டிருந்தார்.

அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ஓடியது. அவருடைய மனம் குறுகியது என்பதை நோகாமல் எடுத்துச் சொல்லும் பதில். படித்துப் பார்த்தேன். பிறகு கிழித்துக் கூடையில் போட்டுவிட்டேன். ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பல ஆண்டுகளுக்கு முன் நானே அதைக் கேட்டு, நானே பதிலும் எழுதி, அந்தப் பதிலின்கீழ்க் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அப்போது ஒரு சிறிய ஊரில் வாடகை வீட்டில் குடியிருந்தேன். எங்கள் தெருவின் மேல்பாதியில் வசதியுள்ள வீடுகள். வீட்டுக்கு வீடு தனிக் குழாய். கீழ்ப்பாதிக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு குழாய். விடியற்காலையில் அதைத் திறந்தால் பெரும்பாலும் காற்றுதான் சீறும். கீழ்த்தெருவில் இட்லி சுட்டு விற்றுப் பிழைத்துவந்த ஓர் அம்மாள், ஒருநாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களிடம் கையெழுத்து, தெரியாதவர்களிடம் கைநாட்டு. இரண்டு மாதத்தில் நாற்பது ஐம்பது பெண்களை ஒரே பேச்சாகப் பேச வைத்துவிட்டாள். காரியம் இந்த அளவுக்குச் சூடு பிடித்த பிறகுதான் படித்தவர்களாகிய நாங்கள் வந்து சேர்ந்தோம்.

அதிகாரியைப் பார்க்க ஐந்து பேர் போவது என்று முடிவாயிற்று. யார் யார் என்று பேசும்போது ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த அம்மாள் வேண்டாம். அவளைப் பற்றி ஊரில் ஒரு மாதிரியாகப் பேசிக்கொள்கிறார்கள். அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டால் நம் காரியம் கெட்டுவிடும்." யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எழுத்தாளன் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதல் பெயராக இருக்க வேண்டிய அவள் பெயரை விட்டுவிட்டு எழுதினேன். புதிய குழாய் வந்தது. "சாருடைய எழுத்தின் மகிமை" என்று தெருவே என்னைப் பாராட்டியது. அவள் வழக்கம்போல் குடத்தோடு வரிசையில் நின்றாள்.

நாங்கள் செய்தது சரியா? தண்ணீர் வந்ததே, அது போதாதா? இந்தக் கேள்வி நீண்ட நாட்களாக என்னை விடவில்லை. எங்கள் தெருக் குழாயைவிடப் பன்மடங்கு பெரிய காரியத்தில், எங்களைவிடப் பன்மடங்கு தைரியசாலிகள் இதே கேள்வியின்முன் நின்றிருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களுடைய வரலாற்றைச் சொன்னால்தான் என் மனத்திலிருப்பது விளங்கும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்தின் தலைநகர் மான்ட்கோமரி. அந்த ஊர் பஸ்களில் முன்பக்கம் பத்து இடங்கள் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பர்கள் உட்காரக் கூடாது. முன்வாசலில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறும்படி டிரைவர்கள் விரட்டுவார்கள். பின்வாசலை எட்டுவதற்குள் பஸ் கிளம்பிவிடுவதும் உண்டு. நடுப்பகுதியில் உட்காரலாம், ஆனால் ஒரு வெள்ளையருக்கு இடமில்லாமற் போனால் அந்த வரிசையில் உள்ள நான்கு பேரும் எழுந்துவிட வேண்டும். ஒரே வரிசையில் இரு நிறத்தாரும் சமமாக உட்காரலாகாது என்பது ஏற்பாடு. இத்தனைக்கும் அந்த பஸ்களில் போகிறவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். அவர்கள் கொடுத்த காசில்தான் அந்த பஸ்கள் ஓடின.

1955-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2-ஆம் தேதி. பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த க்ளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண்ணை எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். உடனிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவள் எழவில்லை. காசு கொடுத்திருக்கிறேன், உட்காருவது என் உரிமை என்றாள். போலீஸ்காரர்கள் இருவர் வந்து, அவளைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கி, கைவிலங்கு மாட்டிப் பெரியவர்களை அடைக்கும் சிறையில் கொண்டுபோய் அடைத்தார்கள். பதினைந்து வயது!

உலகம் அறிந்த கதை இதுவல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். உலகம் அறிந்தது, அதற்கு ஒன்பது மாதம் கழித்து, 1955 டிசம்பர் 1-ஆம் தேதி, அதே ஊரில், அதேபோல் ஒரு பஸ்ஸில் எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் என்ற 42 வயதுத் தையற்கார அம்மாளின் கதை. அந்தக் கைதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் பஸ்களைப் புறக்கணித்தார்கள். 381 நாட்கள் நடந்தே போனார்கள். கடைசியில் சட்டமே வளைந்துகொடுத்தது. மார்ட்டின் லூதர் கிங் என்ற 26 வயதுப் பாதிரியாரை உலகுக்குக் காட்டிக் கொடுத்ததும் அந்தக் கிளர்ச்சிதான்.

மார்ச் மாதத்தில் நடந்ததற்கு ஏன் ஊர் கிளம்பவில்லை? கிளம்ப நினைத்தது. பெண்கள் அரசியல் மன்றம் என்று கறுப்பின ஆசிரியைகளும் பட்டதாரிப் பெண்களும் 1946-இலேயே ஏற்படுத்தியிருந்த ஓர் அமைப்பு அங்கே இருந்தது. அதன் தலைவி ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1949-இல் ஏறக்குறைய காலியாக இருந்த பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டதற்காக டிரைவர் ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்ததையும், தாம் அழுதுகொண்டே இறங்கி ஓடியதையும் அவர் மறக்கவேயில்லை. 1954 மே மாதத்திலேயே நகர மேயருக்குக் கடிதம் எழுதி, நிலைமை மாறாவிட்டால் மக்கள் பஸ்களைப் புறக்கணிக்கக்கூடும் என்று எச்சரித்தவர். ஈ. டி. நிக்சன் என்பவர் இன்னொருவர். ரயிலில் தூங்கும் வண்டிகளில் ஊழியம் பார்த்தவர், தொழிற்சங்கத்தில் அடிபட்டுத் தேறியவர். இவர்களெல்லாரும் அந்தச் சிறுமியின் வழக்கைக் கையிலெடுப்பதா என்று யோசித்தார்கள்.

யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

அவர்கள் சொன்ன காரணங்களை நாம் நியாயமாகவே எடைபோட வேண்டும். பெண் மிகவும் சிறியவள். ஏழைப் பேட்டையில் வளர்ந்தவள். படபடவென்று பேசுகிறவள். நீதிமன்றத்தில் அப்பீலின்போது பஸ் சட்டத்தை மீறிய குற்றச்சாட்டை நீக்கிவிட்டு, போலீஸைத் தாக்கினாள் என்ற குற்றத்தை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஆகவே சட்டத்தையே சோதிப்பதற்கு அந்த வழக்கு உதவாமற் போயிற்று. அந்த வருஷத்துக் கோடையில், மணமாகாத அந்தப் பெண் கருவுற்றாள். பத்திரிகைகள் அவளை என்ன பாடுபடுத்தும்? கேட்கிற நியாயம் எங்கோ நிற்க, ஊர் முழுவதும் அவள் வயிற்றைப் பற்றியல்லவா பேசும்?

இது கோழைகளின் பேச்சல்ல. வெள்ளையர் வீடுகளில் சமையலும் துணிதுவைப்பும் செய்து பிழைக்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் வேலையைப் பணயம் வைக்கப் போகிறவர்களின் பேச்சு. போர் ஒருமுறைதான் தொடுக்க முடியும், முதல் அடி சறுக்கக் கூடாது என்று அஞ்சியவர்களின் பேச்சு. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் வேறுவிதமாக முடிவு செய்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆனாலும் அடுத்து நடந்ததைப் பாருங்கள். அதே ஆண்டு அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித் என்ற 18 வயதுப் பெண் இதே காரணத்துக்காகக் கைதானாள். அவளையும் வேண்டாமென்று ஒதுக்கினார்கள். ஏன்? அவளுடைய தகப்பனார் குடிகாரர் என்று ஒரு பேச்சு. அது பொய் என்று அந்தக் குடும்பத்தார் பிற்காலத்தில் வருந்திச் சொன்னார்கள். முதலில் ஒதுக்கப்பட்டவளுக்குக் காரணங்கள் இருந்தன. இரண்டாமவளுக்கு ஒரு வதந்தியே போதுமானதாயிற்று. ஒருமுறை தராசைக் கையில் எடுத்தால் அது எவ்வளவு சீக்கிரம் கைக்குப் பழகிவிடுகிறது!

பிறகு டிசம்பர் 1 வந்தது. ரோசா பார்க்ஸ் கைதானார். மணமானவர், அடக்கமானவர், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவர். எதிரி விரல் நீட்டிச் சொல்ல ஒரு குறையுமில்லை. 'இவர்தான்' என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். குறையற்றவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த அம்மாளுக்கும் இந்தத் தேர்வினால் ஒரு நஷ்டம் ஏற்பட்டது. 'வேலை செய்து கால் சோர்ந்துபோய், எழ மனமில்லாமல் உட்கார்ந்துவிட்ட ஒரு சாது' என்று உலகம் அவரைப் படம் எழுதி மாட்டிவிட்டது. அவரோ 1943 முதலே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் காரியதரிசியாக இருந்தவர். 1944-இல் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் சிலர் கடத்திக் கெடுத்தபோது, அந்த ஊருக்கே போய் விசாரித்து, அவளுக்காக நியாயம் கேட்டவர். அந்தக் கைதுக்குச் சில மாதம் முன்புகூட டென்னஸியில் ஹைலாண்டர் என்னும் பயிற்சிப் பள்ளியில் கிளர்ச்சி நடத்தும் முறைகளைப் படித்துவிட்டு வந்தவர். பன்னிரண்டு வருஷத்து உழைப்பு அவர் எழாமல் உட்கார்ந்ததன் பின்னால் இருந்தது. 'சாது' என்ற பெயர் அத்தனையையும் மூடிவிட்டது. உலகம் தனக்குப் பிடித்த நல்லவரைத் தேடும்போது ஒருத்தியைத் தள்ளிவிடுகிறது. இன்னொருத்தியை, அவளுடைய முகமே தெரியாதபடி மெருகேற்றிவிடுகிறது.

கதைகளில் நாங்கள் செய்வதும் இதுதான். கதாநாயகிக்கு ஒரு துன்பம் வர வேண்டும். ஆனால் அவள் தலைவாரல்கூடக் கலையக் கூடாது. வாசகி கேட்கிறார் என்று நாங்கள் எழுதுகிறோம். நாங்கள் எழுதுகிறோம் என்று வாசகி கேட்கிறார். யார் முதலில் தொடங்கியது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது.

மான்ட்கோமரிக்கு வருவோம். அந்த வியாழக்கிழமை இரவு ஜோ ஆன் ராபின்சன் தூங்கவில்லை. கல்லூரிக் கட்டடத்துக்குள் போய், ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் துணையிருக்க, விடியவிடியப் பல்லாயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரங்களை உருட்டச்சில் அச்சிட்டார். அரசாங்கக் கல்லூரி ஆசிரியை. தெரிந்தால் வேலை போய்விடும். காலையில் பள்ளிக்கூடங்கள், கடைகள், அழகு நிலையங்கள் வழியாக ஊர் முழுவதும் அது பரவியது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்பது செய்தி.

அந்தத் துண்டுப் பிரசுரத்தின் வாசகத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உலகம் கொண்டாடும் ரோசா பார்க்ஸின் பெயர் அதில் இல்லை. மற்றுமொரு கறுப்பினப் பெண் கைது செய்யப்பட்டிருக்கிறாள் என்றுதான் அது ஆரம்பிக்கிறது. ஆனால் க்ளாடெட் கால்வின் பெயர் அதில் இருக்கிறது! அந்தச் சிறுமியின் வழக்குக்குப் பிறகு இது இரண்டாவது கைது என்று எழுதியிருந்தார்கள். மேடைக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவளை, இரவில் கண்விழித்து வேலை செய்த பெண்கள் கணக்கிலிருந்து ஒதுக்கவில்லை. இதைத்தான் என்னால் செய்ய முடியாமற் போயிற்று. மனுவில் ஒரு பெயர் எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. அன்று மாலை தேவாலயத்தில் கூடிய பெருங்கூட்டம் புறக்கணிப்பைத் தொடர்வதென்று முடிவு செய்தது. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் அந்த ஊரில் நடந்தது வீர வசனமல்ல. கணக்குப் பார்த்துச் செய்த வேலை. ஏறத்தாழ 300 கார்களை முறைவைத்து ஓட்டினார்கள். இன்ன தெருமுனையில் இன்ன நேரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று பட்டியல் போட்டார்கள். கார்களின் இன்ஷூரன்ஸை ரத்து செய்ய வைத்தபோது கடல் கடந்து லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்கார அம்மாள், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவலும் இனிப்புப் பணியாரங்களும் செய்து விற்று, வாரந்தோறும் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார். பெயர் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போய்விடும். ஆகவே பணம் எங்கிருந்து வந்தது என்றால், 'எங்கிருந்தும் இல்லை' என்பதுதான் பதில். தங்கள் குழுவுக்கே அந்தப் பொருளில்தான் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1956 ஜனவரி 30-ஆம் தேதி இரவு கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். அதிர்ஷ்டவசமாக இருவருக்கும் காயமில்லை. ஆயுதங்களோடு கூடிவிட்ட மக்களை வாசலில் நின்று அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார் அவர். கடைசியில் பஸ்ஸில் ஏறும் நாள் நெருங்கியபோது, தேவாலயங்களில் நாற்காலிகளை பஸ் இருக்கைகளைப்போல் வரிசையாகப் போட்டு, ஒருவர் வெள்ளையராக நடித்துத் திட்ட, மற்றவர் கையை ஓங்காமல் உட்கார்ந்திருக்கப் பழகினார்கள். அமைதி என்பது வானத்திலிருந்து இறங்கும் வரமல்ல, சமையலைப்போலத் தினமும் கைப்பழக்கத்தில் வருவது என்பதை அந்த ஊர் ஜனங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆனால் நடந்து நடந்து கால் தேய்ந்தால் மட்டும் சட்டம் மாறிவிடாது. ரோசா பார்க்ஸின் வழக்கு மாநில நீதிமன்றங்களிலேயே இழுத்தடிக்கப்படும் என்று தெரிந்தது. ஆகவே பிரெட் கிரே என்ற இளம் வக்கீல், 1956 பிப்ரவரி 1-ஆம் தேதி மத்திய நீதிமன்றத்தில் தனியாக ஒரு வழக்குத் தொடுத்தார். அதற்கு, பஸ்ஸில் அவமானப்பட்ட பெண்கள் தங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். சாட்சிக்கூண்டில் ஏற வேண்டும். வீட்டில் குண்டு விழும் காலம். யார் வருவார்கள்?

வக்கீல் யாரிடம் போனார் தெரியுமா? க்ளாடெட் கால்வினிடம் போனார். ஒதுக்கப்பட்டவளிடமே போனார். அவளும், அதேபோல் ஒதுக்கப்பட்ட மேரி லூயிஸ் ஸ்மித்தும், அரேலியா பிரௌடர், சூசி மக்டொனால்டு என்ற இன்னும் இரு பெண்களுமாக நால்வர் கடைசிவரை நின்றார்கள். உடன் சேர்ந்த வேறொரு பெண் நெருக்கடி தாங்காமல் விலகிக்கொண்டார். மே மாதம் விசாரணை. க்ளாடெட்டுக்கு அப்போது பதினாறு வயது. குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நகரத்தின் வக்கீல் அவளை மடக்கப் பார்த்தார். யாரோ ஒரு தலைவர் தூண்டிவிட்டுத்தான் இந்த ஜனங்கள் பஸ்ஸை விட்டார்கள் என்று காட்டிவிட்டால் அவருக்கு வெற்றி. உங்களுக்குத் தலைவர் யார் என்று கேட்டார். எங்களுக்குத் தலைவர் நாங்களேதான் என்று சொன்னாள் அந்தப் பெண். படித்தவர்களும் பாதிரிமார்களும் மேடைக்குத் தகுதியில்லை என்று நினைத்தவள், அந்தக் கிளர்ச்சியின் முழுப் பொருளையும் அப்படி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

1956 ஜூன் 5-ஆம் தேதி மூன்று நீதிபதிகளில் இருவர் அந்தப் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நவம்பர் 13-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிசம்பர் 21-ஆம் தேதி கறுப்பின மக்கள் தங்களுக்கு விருப்பமான இடத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் போனார்கள்.

'சுபம்' என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் வாழ்க்கை தொடர்கதை ஆசிரியனுக்குக் கட்டுப்பட்டதல்ல. ரோசா பார்க்ஸுக்கு வேலை போயிற்று. 1957-இல் ஊரை விட்டே டெட்ராய்ட்டுக்குக் குடிபோனார். க்ளாடெட் கால்வின் 1958-இல் நியூயார்க் போய், முதியோர் விடுதி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்குமேல் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். வெற்றி விழாக்களில் அவரை அழைத்தவர்கள் அநேகமாக இல்லை. சிறுமியாயிருந்தபோது அவர்மீது எழுதப்பட்ட நீதிமன்றப் பதிவு 2021-இல்தான் அழிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 82.

நம் மண்ணிலும் நியாயம் கேட்டு அரசவை ஏறியவள் ஒருத்தி உண்டு. கண்ணகியின் கற்பில் யாருக்கும் ஐயமில்லை. அவளுக்குக் கோயிலும் உண்டு; கடற்கரையில் சிலையும் உண்டு. ஆனால் சில இரவுகளில் நான் வேறொன்றை நினைத்துப் பார்ப்பதுண்டு. கோவலன் வெட்டுண்ட சேதி மாதவிக்கு முதலில் எட்டி, அவள் மதுரைக்கு ஓடிவந்து பாண்டியன் வாயிலில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மற்றொரு சிலம்பு அவள் கையில் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். வாயிற்காவலன் உள்ளே போய் என்ன சொல்லியிருப்பான்? "நாடகக் கணிகை ஒருத்தி வந்திருக்கிறாள்" என்றிருப்பான். அவை சிரித்திருக்கும். சிலம்பை உடைக்கும்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உடைத்திருந்தால் அதே மாணிக்கம்தான் தெறித்திருக்கும். கோவலன் கள்வனல்ல என்ற உண்மையும் அதே உண்மைதான். சிலம்பின் பரலுக்குத் தன்னைக் கொண்டுவந்தவளின் ஒழுக்கம் தெரியாது. நமக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மான்ட்கோமரியின் பெரியவர்கள் தவறு செய்தார்களா? நான் இவ்வாறு நினைக்கிறேன். 'எதிரி இவளை இகழ்வான், ஆகையால் இன்று இவளை முன்னே நிறுத்த வேண்டாம்' என்று சொல்வது ஒன்று. 'இவள் இப்படிப்பட்டவள், ஆகையால் இவள் வேண்டாம்' என்று சொல்வது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முடிவாகத்தான் தெரியும். முதலாவதில், அவளிடம் கடன் பட்டிருக்கிறோம் என்ற நினைவு இருக்கிறது. இரண்டாவதில் கணக்கு முடிந்துவிடுகிறது. இவற்றில் எதை நாம் செய்தோம் என்பதை அன்றைக்கே கண்டுபிடிக்க முடியாது. பின்னால் அவள் வீட்டுப் படியை மறுபடி மிதித்தோமா என்பதில்தான் அது தெரியும். பிரசுரத்தில் பெயரை எழுதிய ஆசிரியையும், தேடிப்போன வக்கீலும் கடனை நினைவில் வைத்திருந்தார்கள். விழா எடுத்தவர்கள் மறந்தார்கள். அந்த ஊரின் பெருமையும் குறையும் அவ்வளவே.

நியாயத்துக்காகக் கூடுகிறவர்கள், எந்தத் தராசை உடைக்கப் புறப்பட்டார்களோ அதே தராசில் தங்களவர்களை நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தால், குழாய் வரும். பஸ்ஸில் இடமும் கிடைக்கும். தராசு மட்டும் உடையாமல் வீட்டுக்குள் வந்துவிடும். பழி சுமத்தப்படாதவர்கள் ஏழைகளில் எத்தனை பேர்? கூலி குறைந்தவளுக்கும் குடும்பம் சிதைந்தவளுக்கும் குற்றமற்ற வாழ்க்கை வாழ நேரம் கொடுத்தது யார்? குறையில்லாதவர்கள்தாம் குறை சொல்லலாம் என்று சட்டம் போட்டுவிட்டால், குறை சொல்லவே யாரும் மிஞ்சமாட்டார்கள். அநியாயம் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இனி அந்த இட்லிக்கார அம்மாளைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். புதிய குழாயில் தண்ணீர் வந்த வாரம், காலையில் அவளிடம் இட்லி வாங்கப் போனேன். இலையில் வைத்துக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "ஐயா, மனுவிலே என் பேரும் இருந்துச்சுங்களா?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுத்தாளன்.

"இருந்தது அம்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. ஓர் இட்லி கூடுதலாக வைத்துக் கட்டினாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். சில மாதங்களில் எனக்கு ஊர் மாறிற்று. நான் திரும்பி அந்தப் படியை மிதிக்கவில்லை. நான் செய்தது மேலே சொன்ன இரண்டில் எது என்பதை இனி வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கடிதம் எழுதிய வாசகிக்கு இரண்டாம் முறை பதில் எழுதினேன். அதில் அவரை நான் குறை கூறவில்லை. 'நீங்கள் கேட்ட நல்ல பெண் எனக்குக் கிடைத்தாள், அம்மா. ஆனால் அவளைத் தேடிக்கொண்டு போனபோது வழியில் ஒருத்தியை விட்டுவிட்டேன். என் கதையில் வருகிறவள் அந்த ஒருத்திதான். அவளை மாற்றும்படி மட்டும் கேட்காதீர்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வரவில்லை. ஆனால் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வெளிவந்த வாரத்தில் அவரிடமிருந்து ஓர் அட்டை வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் கூலி கிடைத்ததா இல்லையா என்பதை நான் தெளிவாக எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தார்.